நின்ற நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

நேற்று முன்தினம் காலை 5 மணிக்கு எழுந்தேன். 7 மணிக்கு லோடு ஏற்ற வரச் சொல்லியிருந்தார்கள். சரியாக 7 மணிக்குக் குடவுன் வாசலில் லாரியை நிறுத்தினேன். "ஓரமாப் போடுங்க, கூப்பிடுவோம்" என்றார் கேட்டில் இருந்தவர். கூப்பிட்டபோது பிற்பகல் 1 மணி. லோடு ஏறி, பில் கைக்கு வந்து, வண்டி வெளியே வரும்போது 2.30.

அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். கண் அசந்தால் பின்னால் இருப்பவர் முந்திவிடுவார், முறை போய்விடும். கழிப்பறைக்குப் போவதற்குக்கூட பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஏழரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை. ஆனால் எங்களில் பலருக்குக் கூலி கிலோமீட்டருக்கோ ட்ரிப்புக்கோதான். சக்கரம் சுற்றாத நேரத்துக்குக் காசும் கிடையாது, கணக்கும் கிடையாது.

கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எவ்வளவு தாமதமானாலும் இதை நான் விடுவதில்லை. பின்னால் இருப்பவை இரட்டை டயர்கள். உள் டயரில் காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும், பார்வைக்குத் தெரியாது. இரும்புத் தடியால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். காற்று நிறைந்த டயர் தடியை எகிறவிடும், இறங்கிய டயர் தொம்மென்று வாங்கிக்கொள்ளும். அப்புறம் பிரேக்கை இயக்கும் ஏர் எங்காவது கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும், லோடைக் கட்டிய பட்டைகளை இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் சரக்கு குலுங்கிப் படிந்து பட்டை தளர்ந்துவிடும். அதனால் வழியில் ஒரு முறை நிறுத்தி மறுபடி இறுக்கினேன்.

2.45-க்கு எடுத்த வண்டி. சரக்கோடு சேர்த்து 40 டன். இவ்வளவு எடையை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, அதனால்தான் முன்னால் இடைவெளி விட்டு ஓட்டுகிறோம். அந்த இடைவெளியைக் காலி இடம் என்று நினைத்து கார்கள் நுழைகின்றன. ஒவ்வொன்று நுழையும்போதும் வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி உண்டாக்க வேண்டும். அந்தி நேரத்தில் ஒரு நீண்ட இறக்கம் வந்தது. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும்படி (இன்ஜின் பிரேக்) மெல்ல இறங்கினேன். பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காமலே போய்விடும். வேகமாகப் போக வேண்டிய அவசரம் இருந்தது. அந்த அவசரத்தை நான் உண்டாக்கவில்லை, காலையில் குடவுன் வாசலில் உண்டானது.

இரவு 10 மணிக்கு நான் விழித்து 17 மணி நேரம் ஆகியிருந்தது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதியிருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் குற்றம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் செருகினால் 66 மீட்டர் தூரம் அந்த 40 டன்னுக்கு ஓட்டுநரே இல்லை. நான் நிறுத்தத்தான் பார்த்தேன். நிறுத்துமிடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மூன்றாவது இடத்தில்தான் ஒரு மூலை கிடைத்தது, அப்போது மணி 11.15.

நேரக் கட்டுப்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். வாசலில் காத்து நின்றாலும் அந்த 14 மணி பெரும்பாலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். நல்ல விதிகள், நான் மதிக்கிறேன். ஆனால் அவை ஓட்டுநரின் கையைத்தான் பிடிக்கின்றன. ஏழு மணி நேரம் காக்க வைத்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்பது அதன் மதிப்பீடு. வெறும் 15 நிமிடத்துக்கு அது. நான் நின்றது ஏழரை மணி நேரம்.

3.30-க்கு எழுந்து, காலை 5.45-க்கு இறக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். 6 மணிக்கு இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கேட்டைத் திறந்தது 9 மணிக்கு.

குடவுன் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லாரி வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் ஓட்டுநருக்கு அதற்கான கூலி போய்ச் சேரட்டும். இப்போதைக்கு நான் என் நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்த ட்ரிப்பில் ஓட்டியது 10 மணி நேரம், வாசலில் நின்றது 10 மணி 45 நிமிடம்.