நாலு கோப்பியும் நீரிழிவும்

"தினமும் நாலு கோப்பி குடித்தால் சர்க்கரை நோய் வராது, சிங்கப்பூரிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்களே அண்ணே, அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. நீங்கள் சொல்வது சிங்கப்பூர் சீனர் சுகாதார ஆய்வு. 1993 முதல் 1998 வரை, 45 முதல் 74 வயதுவரை உள்ள 63,257 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் சீனர்கள், நம்மவர் ஒருவர்கூட இல்லை. 165 உணவு வகைகளைப் பட்டியலிட்டு, கடந்த ஒரு வருஷத்தில் எதை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு நேற்று தேக்கா சந்தையில் எத்தனை வடை தின்றேன் என்பதே நினைவில்லை! கோப்பி அதிகம் குடித்தவர்களிடம் நீரிழிவு குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். காரணம் கோப்பியா, அவர்களுடைய வேறு பழக்கமா என்பதை இந்த மாதிரி ஆய்வால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம், உங்கள் கோப்பியில் அடியில் தங்கும் இனிப்பான டின் பால் எந்தக் கணக்கில் சேரும்?