ஜிடிபி எண்ணோடு இன்னொரு எண்ணையும் கேட்போம்

"பொருளாதாரம் இத்தனை சதவீதம் வளர்ந்தது" என்று செய்தி வந்ததும் ஒரு தரப்பு கொண்டாடுகிறது, இன்னொரு தரப்பு பொய்க்கணக்கு என்கிறது. அந்த எண் ஜிடிபியிலிருந்து, அதாவது ஒரு நாட்டுக்குள் ஓராண்டிலோ காலாண்டிலோ உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் மொத்த மதிப்பிலிருந்து (மொத்த உள்நாட்டு உற்பத்தி) வருகிறது. அது எப்படி வந்தது என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. வரி, கடன், மானியம் என்று நம்மைத் தொடும் பல முடிவுகளுக்குப் பின்னால் இந்த எண் நிற்கிறது. அதனால் இதை விளங்கிக்கொள்வது எல்லோருக்கும் அவசியம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு நாட்டுக்குள் நடந்த விற்பனையையெல்லாம் கூட்டினால் ஜிடிபி வராது. பருத்தி 100க்கு விற்கிறது. அதை வாங்கி நூலாக்கி 180க்கு, நூலைத் துணியாக்கி 300க்கு, துணியைச் சட்டையாக்கி 500க்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். கூட்டினால் 1080. ஆனால் பருத்தியை நான்கு முறை எண்ணியிருக்கிறோம். ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பு 100, 80, 120, 200. மொத்தம் 500, அதாவது சட்டையின் விலை. ஜிடிபியில் சேருவது இதுதான்.

இந்த மதிப்பைத்தான் துறைவாரியாகப் பிரிக்கிறார்கள். விவசாயம், மீன்பிடி போன்றவை முதன்மைத் துறை. ஆலையும் கட்டுமானமும் தொழில்துறை. வணிகம், போக்குவரத்து, வங்கி, கல்வி, அரசு நிர்வாகம் எல்லாம் சேவைத்துறை. இந்த எல்லைக்கோடுகள் அவ்வளவு கறாரானவை அல்ல. ஆலையே சம்பளம் கொடுத்து வைத்திருந்த காவலாளி நாளை ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக அதே வாசலில் நின்றால், அவர் உழைப்பு சேவைத்துறைக் கணக்குக்குப் போய்விடும்.

சரி, இப்போது என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உலக உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு சுமார் 4 சதவீதம். ஆனால் உலகில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதில்தான் இருக்கிறார். 4 சதவீதம்தானே என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதே இல்லை. விவசாயத்தின் பங்கு குறைவதால் விளைச்சல் குறைகிறது என்றும் அர்த்தமில்லை. வருமானம் கூடக்கூட மக்கள் உணவுக்குச் செலவிடும் விகிதம் சுருங்குகிறது, மற்ற துறைகள் வேகமாகப் பெருகுகின்றன. ஆனால் ஆட்கள் அதே வேகத்தில் இடம் மாறுவதில்லை. பெரிய பங்குள்ள நிதித்துறை பாய்ந்து வளர்ந்து, விவசாயம் அப்படியே நின்றால், சராசரி அழகாகத்தான் தெரியும். "எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே" என்று சொல்பவரும் உண்மையைத்தான் சொல்கிறார்.

கணக்கிடும் முறை மாறினாலே எண் மாறிவிடும். 2014இல் நைஜீரியா அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளையும் துறைகளின் எடையையும் எந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. தொலைத்தொடர்பு, திரைப்படம் போன்ற துறைகள் சரியாகக் கணக்கில் சேர்ந்ததும் ஜிடிபி ஏறத்தாழ 89 சதவீதம் உயர்ந்தது. அன்று யார் சம்பளமும் உயரவில்லை. முன்பு பார்க்கத் தவறியதைப் பார்த்தார்கள், அவ்வளவே. வீட்டில் சமைப்பதும் குழந்தை வளர்ப்பதும் முதியோரைப் பார்த்துக்கொள்வதும் இன்றும் இந்தக் கணக்குக்கு வெளியேதான் இருக்கின்றன. அது பெரிய அநியாயம்.

தேசிய வருமானக் கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸே, இந்த அளவை வைத்து ஒரு நாட்டின் நலனை முடிவுசெய்துவிட முடியாது என்று 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்தார்.

அதற்காக ஜிடிபியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. துறைவாரி வளர்ச்சியைச் சொல்லும்போதே, அந்தத் துறையை நம்பி எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதையும் ஊடகங்கள் பக்கத்திலேயே போடட்டும். பெரும்பாலான நாடுகளில் தொழிலாளர் கணக்கெடுப்பில் அந்த எண் இருக்கிறது. எடுத்துப் போடுவதில் ஒரு சிரமமும் இல்லை.