படத்தைத் திட்டுகிறோம், பெர்மிட்டைப் படிப்பதில்லை

செத்த சிங்கத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, அதன் தலையை லேசாகத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஆளின் படம் ஒன்று கிளம்பினால் போதும், ரெண்டு நாளைக்கு டைம்லைனில் வேறெதுவும் ஓடாது. "இவனையும் இதே மாதிரி சுடணும்" என்பார் ஒருத்தர். இன்னொருத்தர் அந்த ஆளின் வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்துப் போடுவார். சுட்டவர் பெண் என்றால் வசவின் தினுசே மாறிவிடும். மூணாம் நாள் எல்லாரும் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விடுவோம்.

காசு கட்டி, அரசு பெர்மிட்டோடு மிருகத்தைச் சுட்டு, தலையையோ தோலையோ கொம்பையோ ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப்போவதற்கு "டிராபி வேட்டை" என்று பெயர். அந்தச் சிரிப்பு எனக்கும் அருவருப்புதான். ஆனால் அந்தச் சாவு எவ்வளவு பெரிய அநியாயம் என்று எடைபோட உதவும் எதுவும் படத்தில் இருக்காது. எந்த நிலம், வேலி போட்டதா இல்லையா, மிருகத்துக்கு என்ன வயசு, வருஷத்துக்கு எத்தனை சுடலாம் என்ற கோட்டாவை யார் நிர்ணயித்தது, காசு எந்தக் கணக்குக்குப் போனது என்பதெல்லாம் பெர்மிட்டிலும் ரசீதிலும்தான் இருக்கும். அதை யாரும் கேட்பதே இல்லை.

கேட்காமல் கொதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் ஒரு கூத்து நடந்தது. பிரபல சினிமா இயக்குநர் ஒருவர் படப்பிடிப்புத் தளத்தில் டைனோசர் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய படத்தை ஒருவர் கிண்டலுக்குப் போட்டார், "வேட்டையாடிவிட்டுப் போஸ் கொடுக்கிறார்" என்று. அதையும் நம்பித் திட்டினார்கள். 2018இல் பரவிய ஒட்டகச்சிவிங்கிப் படம் இன்னும் நல்ல உதாரணம். "அரிய கருப்பு ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றுவிட்டார்கள்" என்று உலகமே அழுதது. ஆண் ஒட்டகச்சிவிங்கிக்கு வயசு ஏற ஏற நிறம் கறுத்துக்கொண்டே போகும். அரிய இனம் என்று காட்டிய அதே கருமை, அது கிழடு என்பதற்கான அடையாளம். கிழட்டு ஆணைச் சுட்டால் சரியா என்பது தனி விவாதம். அந்த விவாதம் நடக்கவே இல்லை.

சிங்கத்துக்கு வருவோம், வயசு விஷயம் உயிர் போகும் விஷயமாவது அங்கேதான். ஒரு கூட்டத்தை வைத்திருக்கும் ஆண் செத்தால் வெளியிலிருந்து புது ஆண் வரும். வந்ததும் அது செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, சின்னக் குட்டிகளைக் கொல்வது. குட்டி போனால்தான் பெண் சிங்கம் சீக்கிரம் மறுபடி இணைசேரும். குட்டிகள் தாங்களே பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரை அப்பன் இடத்தை விடாமல் நிற்க வேண்டும். ஆகவே நாலு வயசு ஆணைச் சுட்டால் கணக்கில் ஒன்று, காட்டில் அஞ்சாறு. ஆறு வயசைத் தாண்டிய ஆண் என்றால் பெரும்பாலும் ஒரு தலைமுறையை வளர்த்து விட்டிருக்கும். 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஆறு வயசுக்குக் குறைந்த ஆணைச் சுடக்கூடாது என்ற "ஆறு வயசு விதி" பேச்சுக்கு வந்தது.

சரி, உயிரோடு நிற்கும் சிங்கத்தின் வயசை எப்படிப் பார்ப்பது? குட்டியில் ரோஜா நிறமாக இருக்கும் மூக்கு நுனியில் வயசாக ஆக கருப்புப் புள்ளிகள் படரும். அஞ்சு வயசு வாக்கில் ஏறக்குறைய பாதி கருத்திருக்கும். இதுவும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் பிடரி, முகத் தழும்பு, பல் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சுட்ட பிறகு பல்லை எக்ஸ்ரே எடுத்தால் பொய் சொல்ல முடியாது: இளம் பல்லின் உள்குழி அகலமாக இருக்கும், வயசாக ஆக அது அடைந்துகொண்டே வரும். மொசாம்பிக்கின் நியாசா வனக் காப்பகத்தில் அடுத்த வருஷக் கோட்டாவை இந்த வயசுச் சோதனையோடு முடிச்சுப் போட்டார்கள். இளசைச் சுட்ட நிறுவனத்துக்குக் கோட்டா குறையும், கிழட்டு ஆணைச் சுட்டால் கூடும். இளசுகள் சாவது குறைந்தது. எந்த ஹேஷ்டேக்கும் இதைச் சாதித்ததில்லை.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். சிங்க வேட்டைக்கு வருபவர் வழக்கமாக ரெண்டு மூணு வாரத்துக்கு நாள் வாடகை கட்டுகிறார். அது வேட்டை நடத்தும் நிறுவனத்துக்கு. டிராபி கட்டணம் தனி. மிருகம் விழுந்தால் அல்லது காயம்பட்டு ரத்தம் சிந்தினாலே வசூலாகும். மரத்தில் எருமைத் தொடையைக் கட்டிவிட்டு மறைவில் உட்காருவார்கள். கிளம்ப ரெண்டு நாள் இருக்கையில், மங்கிய வெளிச்சத்தில், பிடரி பாதி முளைத்த ஒரு ஆண் வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் வெறுங்கையோடு போனால் அடுத்த தடவை வேறு நிறுவனத்துக்குப் போவார். வழிகாட்டி அந்த நேரத்தில் மூக்கையா பார்த்துக்கொண்டிருப்பார்?

வேட்டைக்காரர்கள் அவிழ்க்கும் "நாங்கள் கிழட்டு மிருகத்தைத்தான் எடுக்கிறோம்" என்ற வாதத்தில் எனக்குச் சந்தேகம் வருவதும் இதனால்தான். அவர்களுடைய சாதனைப் புத்தகங்களில் கொம்புக்கு நீளம், தந்தத்துக்கு எடை, சிங்கத்துக்கு மண்டையோட்டின் நீள அகலம். வில்லில் கொன்றால் தனிப் பிரிவு. வயசுக்கு இடம் தருவது அபூர்வம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெருங்கொம்பு ஆட்டுக்கடாக்களைக் கொம்பு பார்த்துப் பொறுக்கிச் சுட்டுக்கொண்டே வந்ததில், கொம்பு சிறுத்துப்போகும் பரம்பரையே மிஞ்சியது என்று 2003இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

செசில் விவகாரம் எல்லாருக்கும் தெரியும். 2015 ஜூலை, ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே, கழுத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களின் கண்காணிப்புக் காலரோடு இருந்த 13 வயசு ஆண் சிங்கம். அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அம்பால் அடித்தார். 40 மணி நேரம் துடித்தது என்று பரவியது. ஆய்வாளர்கள் பின்னால் சொன்னது 10 முதல் 12 மணி நேரம். அதுவே கொடுமைதான், கூட்டிச் சொல்ல அவசியமில்லை. அவருடைய கிளினிக்கை இணையத்தில் வறுத்தெடுத்தார்கள்.

அதே பூங்காவில் 1999 முதல் 2004 வரை நடந்த ஆய்வில் 62 சிங்கங்களுக்கு அடையாளம் வைத்தார்கள். செத்தது 34. அதில் 24 வேட்டைக்காரர்கள் சுட்டது. அடையாளமிட்ட வளர்ந்த ஆண்களில் 72 சதவீதம் இப்படியே போனது. பூங்கா ஓரத்தில் ஒரு ஆணைச் சுட்டால் அந்த இடம் காலியாகும், உள்ளேயிருந்து இன்னொன்று வரும், அதையும் சுடலாம். கோட்டா போட்டவர்களின் குற்றம் இது. பெயர் வைக்கப்படாத அந்த 24க்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. 2017இல் செசிலின் மகன் ஜாண்டாவும் அதே சுற்றுவட்டாரத்தில், ஆறு வயசில், சுடப்பட்டது. அப்போது சத்தம் பாதிகூட இல்லை.

எந்தச் சமாதானமும் எடுபடாத வகை ஒன்று உண்டு: தென்னாப்பிரிக்காவின் பண்ணைச் சிங்கம். கூண்டில் பிறந்து, வேலிக்குள் விடப்பட்டு, சில நாளில் சுடப்படுவது. கண்டுபிடிப்பது சுலபம். வேட்டை ஒரு வாரத்துக்குள் முடியும், சிங்கம் கிடைப்பது நிச்சயம், பிடரிக்கு ஏற்ப விலைப்பட்டியல். குட்டியாக இருக்கும்போது அதே சிங்கத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் பால் புட்டி கொடுத்து செல்ஃபி எடுத்திருப்பார்கள். சுட்ட பிறகு எலும்பு ஆசியச் சந்தைக்கு. பால் புட்டி செல்ஃபிக்கு இதயக் குறி போட்ட அதே விரல்தான் வேட்டைப் படத்தைத் திட்டுகிறது. இந்தத் தொழிலை முடித்துவைக்கப் போவதாக அரசு 2021இல் அறிவித்தது. அறிவித்த கையோடு மூடிவிடவில்லை.

மறுபக்கம் பாகிஸ்தான். மார்க்கோர் என்ற காட்டு மலையாட்டுக்கு ஏலம் விடும் பெர்மிட் பணத்தில் 80 சதவீதம் மலைக் கிராமங்களுக்குப் போகிறது. அதனால் கள்ள வேட்டைக்காரனைப் பிடிப்பது கிராமத்தின் சொந்த வேலையானது. அந்த ஆட்டின் நிலையை 2015இல், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் சர்வதேச செம்பட்டியல் அழிவு அபாயத்திலிருந்து இறக்கியது. நமீபியாவின் கருப்புக் காண்டாமிருகப் பெர்மிட் 2014இல் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. இனப்பெருக்க வயசு தாண்டி, மற்றவற்றைத் தாக்கும் கிழட்டு ஆண். எடுத்தவருக்குக் கொலை மிரட்டல் குவிந்தது. பணம் போனது வனவிலங்கு நிதிக்கு.

"எல்லாவற்றையும் தடை செய்" என்பவர்களுக்குக் கென்யாவைக் காட்டலாம். 1977இல் தடை, 2016க்குள் அதன் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்தன. தடையால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், வேலியும் மாடும் ஜனத்தொகையும் சேர்ந்து செய்தது. தடை மட்டும் காப்பாற்றாது என்று சொல்லலாம். ஈ மொய்க்கும் புதர்க்காட்டுக்குக் கேமரா தூக்கிக்கொண்டு யாரும் வருவதில்லை. வேட்டை வருமானம் நின்றால் அங்கே வருவது சுருக்குக் கம்பியும் விஷம் தடவிய மாட்டிறைச்சியும். டிராபி இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜெர்மனி பேசியபோது, 2024இல் போட்ஸ்வானா அதிபர் "20,000 யானைகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறேன், நீங்கள் கூட வாழ்ந்து பாருங்கள்" என்றது மிரட்டல் மாதிரி இருந்தாலும் உள்ளே இருந்த எரிச்சல் நிஜம்.

பிரிட்டனின் டிராபி இறக்குமதித் தடை மசோதா 2023 மார்ச்சில் மக்களவையைத் தாண்டிப் பிரபுக்கள் அவையில் முடங்கியது. அது பண்ணைச் சிங்கத்தையும் மார்க்கோரையும் ஒரே தட்டில் வைத்தது. எழுதத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி எழுதியிருக்கலாம்: வேலிக்குள் வளர்த்ததற்கு முழுத் தடை, பல் எக்ஸ்ரே இல்லாத சிங்கத் தோலுக்குத் துறைமுகத்திலேயே பறிமுதல், டிராபி கட்டணம் எந்தக் கிராமக் கணக்கில் விழுந்தது என்ற ரசீது இல்லாமல் எதற்கும் அனுமதி இல்லை, நிறுத்துகிற வேட்டைக்கு ஈடாக அந்த நிலத்துக்கு வருஷா வருஷம் இவ்வளவு என்று ஒரு தொகை. கடைசி வரியை எந்தப் பணக்கார நாட்டு நாடாளுமன்றத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள், எத்தனை கை தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.