மியன்மார்: கண்டனம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள்

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் கூடிப் பேசிய பிறகு மியன்மார் பற்றி வரும் அறிக்கையில் 'ஆழ்ந்த கவலை' இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். 2021 ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில் மியன்மார் ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கையும் உட்காரவைத்துத்தான் ஐந்து அம்ச உடன்பாடு கண்டார்கள். முதல் அம்சமே வன்முறையை உடனே நிறுத்துவது. மறு ஆண்டு ஜூலையில் ராணுவ அரசு நான்கு பேரைத் தூக்கிலிட்டது; ஒருவர் ராணுவம் கவிழ்த்த ஆங் சான் சூச்சி கட்சியின் முன்னாள் எம்பி பியோ ஸேயா தோ.

ஆசியான் சாசனத்தின் 20ஆம் பிரிவுப்படி முடிவெடுக்க அடிப்படையே கருத்திணக்கம்தான். உறுப்பு நாட்டை இடைநீக்கம் செய்ய அதில் வழியே எழுதவில்லை. மியன்மாருக்கான ஆசியான் சிறப்புத் தூதரோ தலைமை நாட்டோடு ஆண்டுதோறும் மாறுகிறார். மியன்மார் தலைநகர் நேப்பிடோவில் யார் யார் என்று பிடிபடுவதற்குள் பதவி முடிந்துவிடும். 2021 அக்டோபரிலிருந்து உச்சநிலைக் கூட்டத்துக்கு ராணுவத் தலைவரைச் சேர்க்காதது ஒன்றுதான் கொஞ்சம் உறைத்தது.

உண்மையான பிடி நம்மூர் சிங்கப்பூரில் இருந்தது. ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் போட்ட கணக்கில், 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியன்மார் ராணுவத்துக்குப் போன சுமார் 100 கோடி அமெரிக்க டாலர் ஆயுத, தளவாடச் சரக்கில் 25.4 கோடி சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியாகப் போனது. அரசுக்குத் தெரிந்து நடந்ததாக அவர் சொல்லவில்லை. பில்லில் வெறும் 'இயந்திர உதிரிபாகம்' என்றிருக்கும். வாங்குவது ஏதோ ஒரு வர்த்தக நிறுவனம். கடைசியில் சரக்கு யார் கைக்குப் போகிறது என்று வங்கி கேட்காதவரை பணம் தடையில்லாமல் போகும். இங்கே கேட்க ஆரம்பித்தார்கள்: சிங்கப்பூர் வழியாகப் போனது 2022 நிதியாண்டில் 11 கோடி டாலருக்கு மேல் இருந்தது, அடுத்த ஆண்டில் 1 கோடிச் சொச்சத்துக்கு இறங்கியது.

சரக்கு நின்றதா? பாங்காக்குக்கு நகர்ந்தது. தாய்லாந்து வழியாகப் போனது அதே காலத்தில் 6 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 13 கோடியானது. எம்ஐ-17, எம்ஐ-35 ஹெலிகாப்டர் உதிரிபாகங்கள் இங்கிருந்து போய்க்கொண்டிருந்தவைதான். ஒரு குழாயை மட்டும் அடைத்தால் அடுத்த குழாயில் வேகம் கூடாதா!

ஆகவே சிங்கப்பூரும் தாய்லாந்தும் ஒரே நிறுவனப் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வங்கி கணக்கை மூடிய நிறுவனத்தின் பெயர் அன்றே அங்கும் தெரிய வேண்டும். இயக்குநரும் முகவரியும் அதே, பெயர் மட்டும் புதிது என்றால் அதையும் சேர்க்க வேண்டும். இதற்குப் பதினொரு நாடுகளும் தலையாட்டத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். பட்டியலில் நிறுவனப் பெயர் இருக்கட்டும், கடவுச்சீட்டின் நிறம் வேண்டாம். 'மியன்மார்' என்றாலே வங்கி கதவைச் சாத்தினால் அடி வாங்குவது, மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதியில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் பணிப்பெண்ணும் கட்டுமான ஊழியரும். வெளிநாட்டுச் சம்பளத்தில் 25 விழுக்காட்டை அதிகாரபூர்வ வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லி, ராணுவ அரசு 2023 முதலே அவர்கள் டாலரிலும் கைவைத்திருக்கிறது.