பழைய பிக்கப்புக்கு கேஸ் ஷாக் போடும் முன் கீலைப் பாருங்கள்

பழைய பிக்கப்பைத் தேடிப் பிடித்து வாங்கி, தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்து ஓட்டும் ஆசை நம்ம மதுரைப் பக்கம் பலருக்கும் வந்திருக்கிறது. எனக்கு அதில் மனசு நிறைந்த சந்தோஷம். சோழவந்தான், உசிலம்பட்டி பக்கம் தோட்டத்து ஓரமாக நின்று துருவேறிக் கிடந்த வண்டிகள் மறுபடி ரோட்டுக்கு வருகின்றன. ஆனால் வண்டி பட்டறைக்குள் போனதும் முதல் வேலையாக பானெட்டுக்கு கேஸ் ஷாக் (வாயு அழுத்தத்தால் பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் குழாய்) மாட்டச் சொல்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தேய்ந்த கீலை அப்படியே விட்டு ஷாக் மாட்டினால், கொஞ்ச நாளில் பானெட்டே கெட்டுப்போகும்.

கீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்து பாதி உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். முன் முனையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டுங்கள். பின்பக்கம் கண்ணாடிக்குக் கீழே, கீல் இருக்கும் இடத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கீலின் 'பின்' (கீல் சுழலும் அச்சுக்கம்பி) தேய்ந்துவிட்டது, அல்லது அந்தப் பின் நுழையும் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. அப்புறம் பானெட்டை மூடிவிட்டு, மட்கார்டுக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நுழைந்து, மறுபக்கம் பெயிண்ட் உரசியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இது வயசால் மட்டும் வருவதில்லை, பழக்கத்தாலும் வருகிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கையால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குகிறோம். பானெட் முறுகுகிறது, அந்தப் பக்கத்துக் கீல் மட்டும் சுமை வாங்குகிறது. வருடக்கணக்காக ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நம்ம ஊர்ப் புழுதி பின்னுக்குள் போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கிறது. கெட்டியாக கிரீஸை அப்பினால் புழுதி இன்னும் சேரும். மாதம் ஒரு முறை துடைத்துவிட்டு நாலு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டாலே போதும்.

சரி, கேஸ் ஷாக்குக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பானெட் 18 கிலோ, திறந்த நிலையில் அதன் எடை மையம் கீலிலிருந்து கிடைவாக்கில் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலையில் ஷாக் தள்ளும் கோடு கீலுக்கு 15 செ.மீ. தூரத்தில் போகிறது. அப்படியென்றால் பானெட்டைத் தாங்க 72 கிலோ விசை வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்றால் ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு ஷாக்கும் 36 கிலோ. மூடிவிட்டால் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறதா? இல்லை. ஷாக் படுத்த நிலைக்கு வருவதால், தூக்கும் வேலை குறைந்து விசையில் பெரும்பங்கு தகட்டின் நீளவாக்கில் போய் கீல் பின்னில்தான் இறங்குகிறது. வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும், ராத்திரி பகலாக. மேலும் ஷாக்கின் விசையை 20 டிகிரி வெப்பத்தில்தான் அளந்து எழுதியிருப்பார்கள். இஞ்சின் அறையில் 80 டிகிரி ஏறினால் உள்ளே வாயு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 36 கிலோ 43 ஆகும். சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சரக்கு இறக்கக் காத்து நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஆடுகிற பின் இதைத் தாங்குமா?

நம்ம பையன்கள் பார்ப்பதெல்லாம் அமெரிக்க வண்டி வீடியோக்கள். பழைய ஃபோர்டு, செவர்லே பிக்கப்களுக்கு அலுமினியக் கட்டியில் கடைந்த கீல், பேரிங் வைத்த கீல் எல்லாம் அங்கே விற்கிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அங்கேயும் முதல் பிரச்சினை கீல்தான். 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே பிக்கப்பில் கீல் இறுகிப்போனால், மூடும்போது பானெட் நடுவில் மடிந்துவிடும். அந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த நோய் இது. இறுகினாலும் ஆபத்து, ஆடினாலும் ஆபத்து.

என் பேச்சைக் கேட்டால், முதல் செலவை லேத் பட்டறையில் செய்யுங்கள். கப்பலூரிலோ கே.புதூரிலோ சிட்கோ பக்கம் போனால் இந்த வேலை தெரிந்த கைகள் உண்டு. கீலைக் கழற்றும் முன் போல்ட்டைச் சுற்றிக் கம்பியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது பானெட்டை நேராக்க ஒரு நாள் போய்விடும். நீள்வட்டமான ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது உள்வளையம் அடித்து, இஎன்8 என்ற எஃகுக் கம்பியில் புதுப் பின் கடைந்து போடச் சொல்லுங்கள். அந்தப் பின்னைக் கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆடக் கூடாது. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழி வந்த ஜீப் முகப்பு வண்டி என்றால் கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஒரே கீல் இருக்கும். மடித்த தகடு என்பதால் அதில் புஷ் ஏறாது. கீலையே மாற்றிவிடுவது நல்லது. கீல் உட்காரும் தகடு துருவால் மெலிந்திருந்தால் அடியில் ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். இது எல்லாம் பெயிண்டுக்கு முன்னால். வெல்டிங் சூட்டில் புதுப் பெயிண்ட் வெந்துபோவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஷாக் ஆசை இருந்தால் போடுங்கள், தடுக்கவில்லை. பானெட்டின் எடையை நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ற விசையில் வாங்குங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டாதீர்கள். என் மனசுக்கு அந்தப் பழைய ஊன்றுகம்பியே போதும்.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று, முன்பக்கக் கொக்கி. பின்பக்கம் கீல் உள்ள பானெட்டில் முன்கொக்கி விட்டுவிட்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும். ஓட்டுபவருக்கு ரோடு தெரியாது. திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் கயிறு கட்டிய பானெட்டோடு வண்டிகள் பறப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஜீப் வகையில் இரண்டு பக்கக் கிளிப்பின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மற்ற வண்டிகளில் இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி தானாக விழுந்து பிடிக்கிறதா என்று பாருங்கள். கேபிளை இழுத்து முதல் கொக்கியை விடுவித்துவிட்டு, பானெட்டைக் கையால் மேலே தூக்குங்கள். இரண்டாவது கொக்கியில் மாட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது சரியாகும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.