மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து பிராட்பேண்ட் எடுக்காதீர்கள்

வீட்டுக்கு பிராட்பேண்ட் எடுக்கப் போகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" என்றுதான். நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் அந்த ஒரு எண்ணை எவ்வளவு குறைத்துக் காட்ட முடியுமோ அவ்வளவு குறைத்து, பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். மீதிப் பணத்தை வேறு பெயர்களில் வாங்கிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி இதுதான்: "சரிப்பட்டு வரவில்லை என்றால் இதிலிருந்து வெளியே வர எனக்கு எவ்வளவு செலவாகும்?"

ஒரு சின்ன கணக்கு. விளம்பரத்தில் மாதம் 100 என்று இருக்கிறது. எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 முதல் 6 மாதத்துக்குத்தான், அப்புறம் 160. ஒப்பந்தமோ 24 மாதத்துக்கு. ரூட்டர் வாடகை மாதம் 15. இன்ஸ்டலேஷன் 200. மொத்தத்தையும் கூட்டினால் 4,040 வருகிறது. 24-ஆல் வகுத்தால் மாதம் 168க்கு மேல். வரி இன்னும் சேர்க்கவில்லை. ஆக 100 என்று நம்பிப் போனவர் கட்டுவது கிட்டத்தட்ட 170. பக்கத்திலேயே "மாதம் 140, வேறு எந்தக் கட்டணமும் இல்லை" என்று ஒரு பிளான் இருந்திருக்கும். விலை அதிகம் என்று அதைத் தள்ளிவிட்டிருப்போம். இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் ஆகும் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி வெளியே வரும் செலவு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏனென்றால் இன்டர்நெட் எப்படி இருக்கும் என்பது நம் வீட்டில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆனால் தெரிய வரும் நேரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருப்போம். இடையில் விலகினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கொடுத்த தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பவையும் உண்டு. "இலவச இன்ஸ்டலேஷன்" என்பது பல இடங்களில் குறிப்பிட்ட காலம் இருந்தால் மட்டுமே இலவசம். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். பாதியில் வீடு மாறினால் அந்தப் பணம் என்னாகும், புது வீட்டுப் பகுதியில் இவர்களின் லைன் இருக்கிறதா என்று கேட்காமல் கட்டாதீர்கள்.

என் அத்தை தனியாக இருக்கிறார். வீடியோ காலில் பேரனைப் பார்ப்பார், சாயங்காலம் இரண்டு சீரியல் பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு நிறுவனத்தின் ஆள் பெரிய ஸ்பீடு, ஓடிடி சந்தாக்கள், லேண்ட்லைன் எல்லாம் சேர்ந்த பிளானை இரண்டு வருடத்துக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஓடிடிகளில் ஒன்றைக்கூட அத்தை திறந்து பார்த்ததில்லை. குறைந்த பிளானுக்கு மாற்றக் கேட்டால், ஒப்பந்தம் முடியும்வரை மேலே போகலாம், கீழே இறங்க முடியாது என்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம். வயதானவர்களின் வீட்டில் கனெக்‌ஷன் எடுக்கும்போது தயவுசெய்து யாராவது கூட உட்காருங்கள்.

ஒப்பந்தத்தின் நடுவிலேயே கட்டணத்தை ஏற்றும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு. பிரிட்டனில் பணவீக்கத்தோடு சேர்த்து இத்தனை சதவீதம் ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள். எவ்வளவு ஏறும் என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2025 ஜனவரி 17 முதல் புது ஒப்பந்தங்களில் இதைத் தடை செய்தது. ஏற்றுவதாக இருந்தால் எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே பணக் கணக்கில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு விவர அட்டை காட்ட வேண்டும் என்று அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதித்தது. அறிமுக விலையா, டேட்டா வரம்பு எவ்வளவு, இடையில் விலகினால் என்ன கட்டணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த அட்டையில் உள்ளதையே கேள்விகளாகக் கேட்டுவிடலாம்.

ஸ்பீடு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது ரூட்டரில். 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) பிளானுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, கேபிள் செருகும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் ரூட்டரைக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதில் கேபிள் போட்டு டெஸ்ட் செய்தால் 94, 95-ஐத் தாண்டாது. சில ரூட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் மோதிக்கொள்ள, பெரிய பிளான் எடுத்தும் சின்ன பிளானின் வேகம்தான் கிடைக்கும். கஸ்டமர் கேரில் புகார் செய்தால் அடுத்த பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாறாதீர்கள். 1,000 எம்பிபிஎஸ் தாங்கும் கிகாபிட் போர்ட் இருக்கிறதா, நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா, சொந்த ரூட்டர் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். சொந்த ரூட்டருக்கு அனுமதி இருந்தால் வாடகையும் மிச்சம்.

100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) இறங்காது. 8 பிட் ஒரு பைட் என்பதால் 12.5 எம்பிதான். அதுவும் எப்போதும் வராது. பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் தொழில்நுட்பத்தில் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) கொண்ட ஒரே லைனை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இறக்குவது அபூர்வம் என்பதால் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் அந்த லைனுக்கு அப்பால், வெளி இணையத்தோடு சேர நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு போதவில்லை என்றால் இரவு எட்டு மணிக்கு எல்லாமே திணறும். அதே கட்டிடத்தில் அதே நிறுவனத்தை வைத்திருப்பவரிடம் இரவு நேரத்தில் எப்படி என்று விசாரிப்பது எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

டேட்டா வரம்பையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே வீடியோ 15 எம்பிபிஎஸ் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி. மாதம் 1,000 ஜிபி வரம்பு என்றால், இரண்டு டிவி தினமும் இரண்டரை மணி நேரம் ஓடினாலே தீர்ந்துவிடும். அப்புறம் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதுதான் முக்கியம். 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் மாதக் கடைசியில் ஒன்றும் பார்க்க முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்ப்பவர்கள், பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் நம் கனெக்‌ஷனை அடையாளம் காட்டும் எண்) பகிர்ந்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் சில கேமராக்களை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாது. தனி ஐபிக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

விற்க வருகிறவர் வாயால் சொல்வதை எல்லாம் மெயிலிலோ மெசேஜிலோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அந்த வாக்குறுதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியைப் போன் காலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொண்டு பழைய சலுகையை எடுத்துவிடும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. விலகுவதை எழுத்தில் தெரிவித்து, வங்கியில் ஆட்டோபே இருந்தால் கடைசி பில் முடிந்ததும் அதையும் நிறுத்துங்கள். ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டரோடு சேர்த்து சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, ரசீது வாங்கி, டெபாசிட் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.