புலி எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே பலர் சிரிப்புக் குறி போட்டுப் பகிர்ந்திருக்கிறீர்கள். அதனால் முழுக் கதையையும் நான் சொல்லப் போவதில்லை. மிருகக்காட்சிசாலையில் நிழலில் படுத்திருந்த புலி, அதன் விலாவில் வந்து விழுந்த தண்ணீர் பாட்டில், அது திடுக்கிட்டு எழுந்ததும் கிளம்பிய கைதட்டல். பாட்டிலை எறிந்தவன் ஒருவன்தான். கைதட்டியது ஒரு கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது தூங்குகிற புலியைப் பார்க்கவா?" நூற்றுக்கணக்கானவர்கள் அதை விரும்பியிருந்தார்கள்.

ஆமாம், தூங்குகிற புலியைப் பார்க்கத்தான். அது தூங்கினால் தூங்குவதைப் பாருங்கள். நடந்தால் நடப்பதைப் பாருங்கள். புதருக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டால், இன்றைக்கு அது நம் கண்ணில் பட விரும்பவில்லை என்று எண்ணிக்கொண்டு அடுத்த அடைப்புக்குப் போங்கள். நீங்கள் கொடுத்த காசு வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு. புலி எழுந்து நிற்பதற்கு யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை.

சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு. காட்டிலும் அப்படித்தான். புலி அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் நடமாடும். நாம் எப்போது போகிறோம்? வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பதினொன்றரைக்கு வாசலில் இறங்கி, பன்னிரண்டு மணி வெயிலில் புலியின் முன்னால் போய் நின்றுகொண்டு "ஏன் அசையவே மாட்டேன் என்கிறது?" என்று கோபப்படுகிறோம். அந்த வெயிலில் நாமே மரத்தடியைத் தேடித்தான் நிற்கிறோம். உடம்பு முழுக்க மயிர் போர்த்திய விலங்கு மட்டும் நமக்காக வெயிலில் உலாவ வேண்டுமா?

சின்ன வயதில் அப்பா என்னை மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போவார். அப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், இதை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுதான். 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். பார்க்க வந்த கூட்டம் பெருகியது. சில ஆண்டுகளில் அவை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிசாலை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான்.

அங்கே ஒரு கரடி இருந்தது. இரும்புக் கூண்டுக்குள் நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். கூட்டம் அதை நடனம் என்று நினைத்து ரசிக்கும். ஆட்டம் நின்றால் குச்சியால் கம்பியைத் தட்டுவார்கள், வேர்க்கடலையை வீசுவார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். அடைபட்ட விலங்கு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மனம் நொந்து போகும்போதுதான் ஒரே அசைவை இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன். அந்தக் கூட்டம் ஒரு நோயைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது இந்த வீடியோவில் கேட்பதும் அதே கைதட்டல்தான். அதனால்தான் "சின்ன விஷயத்துக்கு இவ்வளவு எழுத வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை.

1985இல் அதற்குப் பதிலாக வண்டலூர் உயிரியல் பூங்கா வந்தது. 600 ஹெக்டேருக்கு மேல் காடும் ஏரியுமாக ஓர் இடம். பெரிய விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டு இல்லை, அகழிதான். 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் கம்பிகளை எடுத்துவிட்டு அகழிகளை வைத்துத் தொடங்கிய முறை உலகமெல்லாம் பரவி இங்கும் வந்து சேர்ந்தது. கம்பி போனது விலங்குக்கு நல்லது. ஓட இடம் கிடைத்தது, ஒளிய புதர் கிடைத்தது. ஆனால் கம்பிக்கு வெளியே நின்ற மனிதன் அப்படியே இருக்கிறான். கம்பி இல்லாததால் எறிவது அவனுக்கு இன்னும் எளிதாகிவிட்டது. விலங்குகளின் வீட்டை நாம் மாற்றிவிட்டோம். பார்க்கப் போகிறவர்களை யார் மாற்றுவது?

"பாதிக் கூண்டு காலியாகக் கிடக்கிறது, ஏமாற்று வேலை" என்று எழுதியிருப்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் அடைப்பு காலியாக இருப்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பழுது பார்க்கிறார்கள், விலங்குக்கு உடம்பு சரியில்லை, வயதாகி இறந்துவிட்டது, குட்டி போட்டிருப்பதால் உள்ளே வைத்திருக்கிறார்கள், வேறு பூங்காவிலிருந்து வந்த விலங்கைத் தனியே வைத்துக் கண்காணிக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் இனப்பெருக்கம் நடந்துவிடக் கூடாது என்பதற்காகப் பூங்காக்கள் தங்களுக்குள் விலங்குகளை மாற்றிக்கொள்ளும். அதற்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2009இல் அதே ஆணையம் யானைகளை மிருகக்காட்சிசாலைகளில் வைக்க வேண்டாம், வனத்துறை முகாம்களுக்கு மாற்றுங்கள் என்று முடிவெடுத்தது. "நான் சின்ன வயதில் பார்த்த யானை எங்கே?" என்று குறைப்படுபவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாமா? 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நமக்குத் தெருவில் மரம் விழுந்தால் கார் நிறுத்த இடமில்லை என்று கவலை. அங்கே பல உயிர்களுக்கு நிழலே போய்விட்டது. ஒரு பூங்கா மாறிக்கொண்டேதான் இருக்கும். போன முறை பார்த்தது இந்த முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்றால் அதற்கு எழும்பூரில் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம்.

சரி, நான் ஏன் இவ்வளவு காயப்பட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பூங்காவின் பாம்புக் கூடத்துக்கு மகளோடு போயிருந்தேன். ஒருவர் கார் சாவியால் கண்ணாடியை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு நாகம் சுருண்டு கிடந்தது. பாம்புக்கு வெளிக்காது கிடையாதே தவிர, அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போய்ச் சேரும். நாள் முழுக்க நூறு பேர் தட்டினால் அந்த உயிர் என்ன பாடு படும்? "சார், தட்டாதீர்கள், அதற்குத் தொந்தரவு" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாம்பு உங்களுக்குச் சொந்தக்காரரா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய பையனும் சிரித்தான், எட்டு வயது இருக்கும். என் மகள் என் கையை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அப்பாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறார்களே என்ற கூச்சம். நியாயம் பேசியவன்தான் அங்கே தலை குனிந்து வெளியே வர வேண்டியிருந்தது. இப்போது அந்த வீடியோவில் கைதட்டல் கேட்டபோது அதே சிரிப்புதான் என் காதில் விழுந்தது.

இதெல்லாம் நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டுமே என்று நினைக்க வேண்டாம், சட்டமும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 38ஜே. மிருகக்காட்சிசாலையில் விலங்குகளைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். பாட்டில் எறிந்ததை வீரமாக நினைத்துப் பகிர்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சிசாலையில் நடந்தது நினைவிருக்கிறதா? விஜய் என்ற வெள்ளைப் புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்துவிட்டார். மேலே நின்றவர்கள் புலியை விரட்டுவதாக நினைத்துக் கல்லெறிந்தார்கள், கூச்சல் போட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. அந்தச் சூழ்நிலையில் பதற்றம் வருவது இயல்புதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விலங்கின் முன்னால் நின்றால் கைக்குக் கிடைத்ததை எறியலாம் என்று நம் கைக்கு எப்படிப் பழகிப்போயிற்று? ஒரு வேடிக்கையான மதிய வேளையில் பாட்டில் எறிந்து பழகுகிற கைதானே அது?

"நீங்கள் விலங்கை அடைத்து வைப்பதை ஆதரிக்கிறீர்கள், கண்ணாடியைத் தட்டினால் மட்டும் தப்பா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அடைத்து வைப்பது துன்பம்தான். ஆனால் அடைபட்ட உயிருக்கு மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டு உரிமைகளையும் பிடுங்குவதை எப்படித் தம்பி நியாயப்படுத்துவாய்? படுத்துக்கொள்ளலாம், திரும்பிக்கொள்ளலாம், நமக்கு முகம் காட்டாமல் இருக்கலாம். அதற்கு இருப்பது இவ்வளவுதான். அதுவும் கூடாதா?

"மனிதர்களே சோறில்லாமல் இருக்கிறார்கள், இவருக்குப் புலிக் கவலை" என்ற வழக்கமான வசனத்துக்குப் பதில் சொல்லப் போவதில்லை. இப்படி எழுதுபவர்கள் பசித்தவர்களைப் பற்றி எழுதி நான் பார்த்ததே இல்லை.

"குழந்தைகள் ஏமாந்து போகிறார்கள்" என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. குழந்தைகள் ஏமாறுவதில்லை, நாம்தான் ஏமாற்றுகிறோம். வெள்ளைப் புலி முன்னால் முண்டியடிக்கிறோம். வெள்ளைப் புலி தனி இனம் கிடையாது, நிறம் மாறிப் பிறக்கும் வங்கப் புலிதான். 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழிவந்தவைதான் இன்று பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நிறத்துக்காகத் தந்தையையும் மகளையும் சேர்த்து வளர்த்த வம்சம். அதைப் பார்க்க அவ்வளவு கூட்டம். கொஞ்ச தூரத்தில் சிங்கவால் குரங்கு உட்கார்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இல்லாத உயிர், அழிவின் விளிம்பில் இருப்பது. "குரங்குதானே, வா வா" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருக்கும். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, கன்னத்துப் பைக்குள் பழத்தை அடக்கி வைத்துக்கொண்டு மெதுவாக மெல்லும். குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும். பத்து நிமிடம் நின்றால் போதும், எந்தக் குழந்தையும் அங்கிருந்து நகராது. நாம் நிற்க விடுவதில்லை.

முதலை வாயைத் திறந்துகொண்டு சிலைபோலக் கிடக்கும். "பொம்மை, பொம்மை" என்று கத்துவார்கள், ஒருவர் கல்லெடுப்பார். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீர்யானை பகலெல்லாம் தண்ணீருக்குள்தான் கிடக்கும், காரணம் அதன் தோல் வெயிலில் காய்ந்துவிடும். மூக்கும் காதும் மட்டும் மேலே தெரியும். பொறுத்திருந்தால் புஸ்ஸென்று மூச்சு விட்டுக் காதைச் சிலுப்பும். அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்த குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். விசில் அடித்து எழுப்பிய புலியைப் பார்க்கும் குழந்தையின் முகத்தில் அது வராது.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 ஜூன் மாதம் வண்டலூரில் கொரோனா சிங்கங்களையும் பிடித்தது. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. அதே மாதத்தில் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போய்விட்டது. அந்த நாட்களில் இதே முகநூலில் எத்தனை பேர் கண்ணீர் விட்டீர்கள், எத்தனை கவிதை எழுதினீர்கள். நீலாவுக்கு அழுதவர்களில் சிலர்தான் இப்போது பாட்டில் வீடியோவுக்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். செத்தால்தான் இரக்கம் வருமா? உயிரோடு படுத்திருக்கும்போது வராதா?

கோபத்தில் எழுதுகிறேன் என்பது தெரிகிறது. கோபம் தணிந்த பிறகும் இதையேதான் எழுதுவேன். என்னை நட்பிலிருந்து நீக்குகிறவர்கள் தாராளமாக நீக்கலாம்.

அடுத்த வாரம் வண்டலூர் போகிறேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதனால் புதன் அல்லது வியாழன், வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவேன். பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் இந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா, பறவைகள் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மகளும் வருகிறாள். கூட வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். குழந்தைகளை அவசியம் அழைத்து வாருங்கள். ஸ்பீக்கர் போனும் தீனிப் பொட்டலமும் வேண்டாம்.